லைன் போகவில்லை

நெடுந்தீவில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். போட் ஓட்டுகிற றஜீபன் மத்தியானம் மூக்கு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தான், போன் அடித்தது, அவன் எழும்பவில்லை, பிள்ளைத்தாய்ச்சி தாரிகா நடுக்கடலில் செத்துப்போனாள். துறையில் சொல்வார்கள், கடையில் சொல்வார்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டும் சொல்வார்கள். சொல்லச் சொல்ல அவன் தின்ற சோற்றின் அளவும் கூடிக்கொண்டே போகும்.

போன் அடிக்கவே இல்லை. இதை அப்போது நிச்சயமாக அறிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் யாழ்ப்பாணத்தில் சிறிய மென்பொருள் கம்பனி நடத்தும் றொமேஷ். மற்றவள் அவரிடம் வேலை செய்யும் கிருசாந்தி. அடிக்க வேண்டிய போனை அடிக்க விடாமல் செய்தது அவள் எழுதிய ஒரு வரி. அவள் வாயைத் திறந்தால் றஜீபனின் பெயர் மீளும், அவளுடைய பிழைப்பு போகும். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கைச் செய்து முடிக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் வேண்டியிருந்தது.

கிருசாந்தி புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்தவள். தகப்பன் பரராசசிங்கம் தெற்கே கடை வைத்திருந்து, கலவரத்தில் கடையைப் பறிகொடுத்து, உடுத்த உடுப்போடு ஊர் வந்தவர். அண்ணன்மார் இருவரும் கனடாவில். அவளையும் கூப்பிட்டார்கள். அப்பாவை யார் பார்ப்பது என்று சொல்லி நின்றுவிட்டாள். அது பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், அவளுக்கு மனிதர்களோடு கதைப்பது பெரிய கரைச்சல். கல்யாண வீட்டில் கூட மூலையில் ஒரு கதிரையைத் தேடிப் பிடித்து, போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அறைக்குள் ஒரு மடிக்கணினியும் சுற்றுகிற மின்விசிறியும் இருந்தால் அவளுக்கு வேறு ஊர் தேவையில்லை. வீட்டில் இருந்தபடியே வேலை செய்யலாம் என்று றொமேஷ் சொன்ன நாளில் அவள் அடைந்த சந்தோசத்தை, மாப்பிள்ளை பொருந்திய நாளில் கூடச் சில பெண்கள் அடைந்திருக்க மாட்டார்கள்.

கம்பனியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ரெஜெக்ஸ் அக்கா'. ரெஜெக்ஸ் என்பது, எழுத்துக் குவியலுக்குள் எந்த வடிவத்தைத் தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லுகிற ஒற்றைவரிக் குறியீடு. ஆயிரம் செய்திக்குள் இருந்து தொலைபேசி எண்களை மட்டும் பொறுக்கு, தேதி உள்ளவற்றை மட்டும் எடு, இப்படி. பார்வைக்கு அது கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளிடம் அனுப்பிவிடுவார்கள். அவளோ அதில் ருசி கண்டவள். பத்து வரியில் எழுதக்கூடியதை ஒரு வரிக்குள் அடக்கிவிட்டால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவாள்.

அந்த வரிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே இணையத்தில் கருவிகள் உண்டு. அந்த வரிகளை ஓட்டுகிற, 'இயந்திரம்' என்று இவர்கள் சொல்லுகிற புரோகிராம்களும் பல வகை. எதை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒப்பிட்டு எழுதித் தரும்படி றொமேஷ் ஒருமுறை கேட்டார். அவள் கிழமைக் கணக்கில் உட்கார்ந்து எழுதினாள். முதலாவது தளம் வர்ணம் வர்ணமாகக் காட்டும், ஒவ்வொரு குறியும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் விளக்கமும் சொல்லும், எந்த மொழியின் இயந்திரம் வேண்டும் என்று தெரிவு செய்யவும் விடும். ஆனால் இணைப்பு நன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது வெறும் வெள்ளைப் பக்கம். விளக்கமும் இல்லை, வர்ணமும் இல்லை. ஒருமுறை திறந்துவிட்டால் சோதனை முழுவதும் நம்முடைய உலாவிக்குள்ளேயே நடக்கும், அதன் பிறகு இணைப்பே தேவையில்லை. 'தீவுப்பகுதிக்கு உகந்தது இதுதான்' என்று அதற்கு அடிக்கோடு போட்டாள். மூன்றாவது கணினியில் நிறுவுகிற மென்பொருள். இயந்திரம் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியையும் எண்ணிக் காட்டும். இலவசக் காலம் முடிந்தவுடன் வாயை மூடிக்கொள்ளும்.

இயந்திரங்களைப் பற்றியும் எழுதினாள். ஒரு வகை, நெடுந்தீவு ஒழுங்கைகளுக்குள் வீடு தேடுகிற அந்நியனைப் போன்றது. ஒரு ஒழுங்கைக்குள் போகும், இல்லையென்றால் திரும்பி வந்து அடுத்ததற்குள் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் எட்டிப் பார்க்கவும் அதற்குத் தெரியும். கெட்டித்தனமானது. ஆனால் வரியைச் சிக்கலாக எழுதிவிட்டால் திரும்பித் திரும்பி வந்துகொண்டே இருக்கும், முடிவே வராது. பைத்தான் என்ற கணினி மொழியோடு கூடவே வருகிற இயந்திரம் இந்த வகை. அதற்கு 'இவ்வளவு நேரத்தில் முடி' என்று தவணை சொல்லவும் வழியில்லை. மற்ற வகை ஒருமுறை மட்டும் நடக்கும், திரும்பாது. எட்டிப் பார்க்கவும் தெரியாது, ஆனால் எங்கும் சிக்கிக்கொள்ளாது. இரண்டையும் நேர்மையாகத்தான் எழுதினாள். முதல் வகைக்குக் கீழே ஒரு வசனம் சேர்த்தாள்: 'கவனமாக எழுதினால் பிரச்சினை இல்லை.'

கவனமாக எழுதினால்! உலகத்தில் நடந்த விபத்துகளில் பாதிக்கு முன்னால் யாரோ ஒரு கெட்டிக்காரர் இப்படி ஒரு வசனத்தைச் சொல்லியிருப்பார்.

பிறகுதான் நெடுந்தீவு வேலை வந்தது. வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் சிலர் சங்கம் அமைத்து, அவசர நோயாளிகளைக் கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள குறிகட்டுவான் துறைக்குக் கொண்டு வர வேகப் படகொன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். படகோட்டிகள் முறை வைத்து ஓட்டுவார்கள். அவசரமென்றால் ஒரு எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். சேவர் கணினியில் ஓடுகிற புரோகிராம் அதைப் பார்த்து, அன்றைக்கு முறை யாருடையதோ அவருடைய போனை அடிக்கும், செய்தி அனுப்பியவருக்குப் பதிலும் போடும். நோயாளி துறைக்கு வந்து சேரும்போது படகு புறப்பட நிற்கும். தீவின் உட்பக்கங்களில் அழைப்பு அறுந்து அறுந்து போகும், செய்தி எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். சனம் விடுமா? படகு வருகிறது போகிறது என்று கண்டவுடன் அந்த எண்ணுக்கு வந்த செய்திகளில் பாதி, "வரேக்கை ஒரு காஸ் சிலிண்டர் ஏத்திக்கொண்டு வாங்கோ." ஒருவர் ஆட்டுக்குத் தவிடு கேட்டார். ஒருவர் தன் மருமகளுக்கு கேக் கேட்டார். படகோட்டிகள் மத்தியானமும் சாமமும் துள்ளியெழுந்து ஓடிப்போய் ஏமாந்தார்கள். அதனால் அவசரத்தையும் அங்காடிச் சாமானையும் பிரிக்க ஒரு வடிகட்டி வேண்டும் என்று சங்கம் கேட்டது. அந்த வடிகட்டிதான் கிருசாந்தியின் ஒற்றை வரி.

தாயின் ஊர் நெடுந்தீவு என்றபடியால் அந்தச் சனத்தின் கதைப்போக்கு அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். முதலில் தான் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்று உறவு சொல்வார்கள். பிறகு விசயம். கடைசியில் இடமும் வட்டாரமும். நடுவில் சாமான் பெயர் வந்தால் விலக்க வேண்டும், ஆனால் 'வயித்துக்குள்ளை காஸ்' என்று எழுதினால் விலக்கக் கூடாது. இதற்கெல்லாம் முன்னும் பின்னும் எட்டிப் பார்க்க வேண்டும். சிக்காத இயந்திரத்தை எடுத்தால் மூன்று எளிய வரிகளாக உடைத்து, இடையில் கொஞ்சம் புரோகிராமும் எழுத வேண்டும். அவளுக்கு அது அசிங்கமாகப் பட்டது. கெட்டிக்கார இயந்திரத்தையே எடுத்தாள், எல்லாவற்றையும் ஒரே வரிக்குள் அடக்கினாள். ஒன்றுக்குள் ஒன்றாக அடைப்புக்குறிகள், 'எத்தனை முறையும் வரலாம்' என்பதற்குள் இன்னொரு 'எத்தனை முறையும் வரலாம்'. றொமேஷ் பார்த்துவிட்டு, "உதை நீர் ஒருத்திதான் எழுதுவீர்" என்றார். அவளுக்குக் காது குளிர்ந்தது.

சோதனைக்கு மாதிரிச் செய்திகள் வேண்டுமென்று நெடுந்தீவிலிருந்த சின்னம்மாவைக் கேட்டாள். சின்னம்மா அயலட்டையிடம் வாங்கி அனுப்பினாள். கம்பியூட்டருக்குக் குடுக்கிறதாம் என்று கேள்விப்பட்ட சனம், பள்ளிக்கூடப் பரீட்சைக்கு எழுதுவது போல எழுதித் தந்திருந்தது. பெயர், நோய், வட்டாரம், இறுதியில் முற்றுப்புள்ளி. வயிறு கிழிந்து இரத்தம் ஓடும்போது மனிதன் எப்படி எழுதுவான் என்று ஒருவரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்?

எல்லா மாதிரியும் பச்சை நிறத்தில் பொருந்தின. ஒருநாள் இரண்டாவது கருவியில், அந்த வெள்ளைப் பக்கத்தில், மாதிரியொன்றின் கடைசி வட்டாரத்தை அழித்துவிட்டு வேறொன்றை எழுதப் போனாள். பக்கம் அப்படியே உறைந்தது. சுட்டியை ஆட்டினாள், அசையவில்லை.

"லைன் போட்டுது" என்று, இணைப்பு அறுந்துவிட்டதாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

இதை வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். தீவுப்பகுதியில் எது நின்றாலும் லைன்தான் குற்றவாளி. வங்கி இயந்திரம் காசு தராவிட்டால் லைன் இல்லை. கனடாவில் இருக்கிற அண்ணனின் முகம் திரையில் கோணி நின்றால் லைன் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முடிவு சொல்லாவிட்டாலும் லைன் கிடைக்கேல்லையாம் என்று ஒரு சாட்டு. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது மூச்சு விடுவது போலாகிவிட்டது. அந்தப் பக்கத்துக்கு லைனே தேவையில்லை என்று அடிக்கோடு போட்டு எழுதியவள் அவள்தான். அப்படியிருந்தும் வாயில் வந்தது அதுதான். திரும்பி வந்து பக்கத்தை மூடித் திறந்தாள், வட்டாரம் உள்ள மாதிரியைப் போட்டாள், பச்சை வந்தது, வேலையை ஒப்படைத்தாள்.

சில மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சிலிண்டர் கேட்பவர்களின் தொல்லை ஒழிந்தது. படகோட்டிகள் வெளிநாட்டுக்காரருக்கு நன்றி சொன்னார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், பனை வேலையும் மாடு வளர்ப்புமாகப் பிழைக்கிற சுஜிதன் என்பவனின் மனைவி தாரிகாவுக்கு, ஏழாம் மாதத்தில் இரத்தம் போகத் தொடங்கியது. அவன் ஓட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, வேலிக் கல்லின் மேல் ஏறி நின்று செய்தி எழுதினான்:

"வணக்கம் அண்ணை நான் சுஜிதன் சிவபாதத்தாற்றை மருமோன் போன கிழமை உங்கடை ஆக்களோடை மா மூட்டை இறக்கினனான் தாரிகாவுக்கு ஏலாமல் கிடக்கு ரத்தம் நிக்குதில்லை கொண்டு வாறம் போட்டை எடுத்து வையுங்கோ குறை நினையாதேங்கோ சாப்பாட்டு நேரம் நீங்கள் சாப்பிடேல்லை எண்டா நான் ஏதும் கட்டிக்கொண்டு வாறன்"

வட்டாரம் இல்லை. இடமே இல்லை. சிவபாதத்தின் மருமகன் என்றால் நெடுந்தீவில் தெரியாத ஆளுண்டா? அவன் எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கிருசாந்தியின் வரி கடைசியில் வட்டாரத்தைத் தேடியது. காணவில்லை என்றவுடன் திரும்பி வந்து சொற்களை வேறு விதமாகக் கூறு போட்டுத் தேடியது. காணவில்லை. வேறு விதமாக. காணவில்லை. இவ்வளவு நீளச் செய்தியை எத்தனை விதமாகக் கூறு போடலாமோ அத்தனையையும் பார்த்து முடிக்க மனித ஆயுள் காணாது. பொருந்தியது என்று சொன்னால் படகோட்டியின் போன் அடித்திருக்கும். பொருந்தவில்லை என்று சொன்னால், மிஞ்சிய செய்திகளைப் பார்க்கிற சங்கத்துப் பொறுப்பாளரின் போனாவது அடித்திருக்கும். அது இரண்டையும் சொல்லாமல் அங்கேயே நின்று தேடிக்கொண்டிருந்தது.

தீவு வைத்தியசாலையில் பார்த்துவிட்டு உடனே யாழ்ப்பாணம் கொண்டு போகச் சொன்னார்கள். சங்கப் படகுக்குச் செய்தி போட்டாயிற்று என்று சுஜிதன் சொன்னபடியால் ஒருவரும் வேறு படகு தேடவில்லை. துறையில் படகு கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது, ஓட்டியைக் காணவில்லை. வருவான், வருவான் என்று நின்றார்கள். சுஜிதன் போனைப் பார்த்தான். பதில் வந்திருக்கவில்லை.

"லைன் இல்லை, அதுதான் பதில் வரேல்லை. எங்கடை மெசேச் போய்ச் சேர்ந்திட்டுது" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னான்.

யாரோ யோசித்து, இன்றைக்கு முறை யாருடையது என்று விசாரித்து, சைக்கிளில் போய்ப் பார்த்தபோது றஜீபன் வேம்பின் கீழ் சாக்குக் கட்டிலில் நித்திரையாக இருந்தான். போன் தலைமாட்டில். எழுப்பியவுடன் சேட்டும் போடாமல் ஓடி வந்தான். படகை அவன் ஓட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள், கவிழ்த்துவிடுவான் என்று பயந்தார்கள். குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணுக்குத் தெரியும் முன்பே தாரிகாவின் கை சுஜிதனின் கைக்குள் கனத்துப்போயிற்று.

அன்று பின்னேரமே சின்னம்மா அழைத்து, றஜீபனைத் திட்டித் தீர்த்தாள். கிருசாந்தியும் கூடச் சேர்ந்து திட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் வாயில் அடிக்க வேண்டும் போலிருக்கும்.

மறுநாள் காலை றொமேஷ் அழைத்தார். "கிருசாந்தி, உந்த நெடுந்தீவுச் சேவர் தொங்கிக்கொண்டு நிக்குது. நிப்பாட்டிப் போட்டுப் பார்த்தன், திரும்பவும் தொங்குது. லைன் பிரச்சினையோ தெரியேல்லை, ஒருக்காப் பாரும்."

பார்த்தாள். வரிசையில் முதலாவதாகச் சுஜிதனின் செய்தி நின்றது. அதன் பின்னால் மற்றவை காத்திருந்தன. செய்தியை வாசித்தாள். சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன் என்ற இடத்தை இரண்டாம் முறையும் வாசித்தாள். பிரதி எடுத்து வெள்ளைப் பக்கத்தில் ஒட்டினாள். உறைந்தது. எழும்பிப் போய், சுவரோடு இருந்த இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். திரும்பி வந்து பார்த்தாள். அப்படியே உறைந்தபடி இருந்தது. மடிக்கணினியின் அடிப்பக்கம் சூடேறி, உள்ளே விசிறி இரைந்தது. லைன் போகவில்லை. அன்றைக்கும் போயிருக்கவில்லை. அந்த வரி தன் பிழையை முன்கூட்டியே ஒருமுறை அவளுக்குக் காட்டியிருக்கிறது, அவள் தேத்தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறாள்.

"என்ன பிள்ளை, லைன் இல்லையே?" என்று முன் அறையிலிருந்து பரராசசிங்கம் கேட்டார். அவள் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திருத்துவதற்கு ஒரு பின்னேரம்கூடப் பிடிக்கவில்லை. சிக்காத இயந்திரத்தை எடுத்து, வரியை மூன்றாக உடைத்து, முன்பு அசிங்கம் என்று ஒதுக்கியபடியே எழுதினாள். சுஜிதனின் செய்தியைப் போட்டவுடன் மேசையில் கிடந்த சோதனைப் போன் அலறியது. அவள் அதை நிறுத்தாமல் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

றொமேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்ட மனிதரல்ல. அவரை நம்பி ஏழெட்டு இளம் பிள்ளைகள் இருந்தார்கள்.

"திருத்தியாச்செல்லோ" என்றார் அவர். "இனி நடக்காது. செத்தது திரும்பி வரப்போறேல்லை."

"றஜீபன் எண்டவரை ஊரே குத்திக் கிழிக்குது, அண்ணை."

"அவர் நித்திரை கொண்டது உண்மைதானே? நாங்கள் பொய் ஒண்டும் சொல்லேல்லையே. சொல்லாமல் விடுறம், அவ்வளவுதான்."

அவளும் சொல்லாமல் விட்டாள். வைகாசி, ஆனி என்று மாதங்கள் போயின. சின்னம்மா ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு புதுச் செய்தி வைத்திருப்பாள். சங்கம் றஜீபனை நிறுத்திவிட்டது. அவனுடைய சொந்தப் படகிலும் ஒருவரும் ஏறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளையைக் 'குறட்டை' என்று கூப்பிடுகிறார்களாம். "ஆரோடையும் கதைக்கிறானில்லை. நல்லா வேணும்" என்பாள் சின்னம்மா. கிருசாந்தி உம் கொட்டுவாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, எடுத்த வேலை எதுவும் ஓடவில்லை, புதிதாக ஒரு ரெஜெக்ஸ் எழுதப் போனால் விரல்கள் நின்றுவிடும். மாரி மழை தொடங்கி முடியும் வரை இப்படியே கிடந்து உழன்றாள். தையில் ஒருநாள் சங்கத் தலைவருக்கு நடந்ததை முழுதாக எழுதி அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. விபரத்துக்கு நன்றி, தொழில்நுட்பம் தங்களுக்கு அவ்வளவு விளங்காது, எப்படியும் பொறுப்பில்லாத ஒருவரை மாற்றியது நல்லதுதான் என்றிருந்தது. அதற்கடுத்த நாள், சங்கத்தார் மூலம் விசயம் அறிந்த றொமேஷ் அழைத்து, இனி அவளுக்குத் தர வேலை இல்லை என்று சொன்னார். அவள் நெடுந்தீவுக்குப் படகேறினாள்.

முதலில் சுஜிதன் வீட்டுக்குப் போனாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். புரோகிராம், வரி, தேடித் தேடி நின்றது, போன் அடிக்காதது.

அவன் வாளியைக் கீழே வைத்தான். "ஆர் உம்மை அனுப்பினது? றஜீபன்ரை ஆக்களோ?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை, அண்ணை. பிழை விட்டது நான்."

"என்ன பிழை? எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லும்."

"உங்கடை மெசேச்சிலை வட்டாரம் இருக்கேல்லை. நீளமாயும் இருந்தது. அதாலை அது—" சொல்லும்போதே தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"வட்டாரம் போட்டிருந்தா?"

அவள் கீழே இருந்த வாளியைப் பார்த்தாள்.

"கேக்கிறன் எல்லோ. நான் வட்டாரம் எண்டு ஒரு சொல்லுப் போட்டிருந்தா போன் அடிச்சிருக்குமோ?"

"அண்ணை, நீங்கள் எழுதினது சரி. நான்தான்—"

"அடிச்சிருக்குமோ, இல்லையோ?"

"ஓம்" என்றாள்.

சுஜிதன் வாளியை எடுத்தான். பிறகு மாட்டின் பக்கம் திரும்பினான். "போம்" என்றான். "இனி இந்த வளவுக்குள்ளை வராதேயும்." அவன் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தும் அவளால் ஒன்றும் செய்ய ஏலவில்லை. ஒருவன் தலையிலிருந்து பாரத்தை இறக்க வந்தவள், அதைத் தூக்கி இன்னொருவன் தலையில் வைத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் றஜீபனுக்காவது சொல்ல வேண்டும். அவனுக்குத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்? அவன் ஒருவனுக்காவது இது நல்ல செய்தி அல்லவா?

றஜீபனின் வீட்டில் அவன் மனைவி தர்சினி கதிரை எடுத்துப் போட்டாள். கன நாளாக அந்த வீட்டுக்கு ஆள் வரவில்லை என்பது அவள் கதிரையைத் துடைத்த விதத்தில் தெரிந்தது. றஜீபன் கறுத்து மெலிந்து, கிழியாத வலையொன்றைக் கிழிசல் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தான். கிருசாந்தி இம்முறை வட்டாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மெசின் நின்றுவிட்டது, உங்கள் போனுக்கு அழைப்பு வரவே இல்லை, நீங்கள் விழித்திருந்தாலும் வந்திருக்காது, குற்றம் முழுவதும் என்னுடையது என்று மட்டும் சொன்னாள். காலில் விழுந்திருப்பாள், கூச்சம் விடவில்லை.

தர்சினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். றஜீபன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இல்லைப் பிள்ளை" என்றான் அமைதியாக. "அடிச்சது."

"இல்லை அண்ணை, நான் பார்த்தனான். உங்கடை போனுக்கு ஒரு அழைப்பும் போகேல்லை."

"நீர் படிச்சனீர், உமக்கு மெசினைத் தெரியும். எனக்கு என்ரை காதைத் தெரியும். அடிச்சது கேட்டது. சிலிண்டர்க்காரர்தான் எண்டு நினைச்சு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனான். திரும்பவும் அடிச்சது. நான் எழும்பேல்லை."

"அண்ணை, சத்தியமா அடிக்கேல்லை!"

"போட்டுக்குள்ளை தாரிகாப் பிள்ளையின்ரை கால் என்ரை முழங்காலிலை முட்டிக்கொண்டு கிடந்தது. அதுக்கு முன்னாலை நான் என்ன பொய்யே சொல்லப்போறன்? அடிச்சது."

கிருசாந்தி தர்சினியைப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் இருந்தவள் அவள்தானே, அவளாவது சொல்லட்டும்.

"நான் இந்தக் குசினிக்குள்ளைதான் நிண்டனான்" என்றாள் தர்சினி மெல்ல. "எனக்குக் கேக்கேல்லை. அடிக்கேல்லை எண்டு எத்தினை நாள் இவரோடை சண்டை பிடிச்சனான். இவர் அடிச்சது அடிச்சது எண்டு சொல்லச் சொல்ல, இப்ப எனக்கும் கேட்ட மாதிரித்தான் கிடக்கு, தங்கச்சி."

கடைசிப் படகுக்கு நேரமாகியது. நல்ல மனதோடு வந்த பிள்ளை வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று றஜீபன் சொல்ல, தர்சினி தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். கிருசாந்தி அதை வாங்கிக் குடித்தாள். புரோகிராமுக்குள் இருந்த பிழையை அவள் ஒரு பின்னேரத்தில் எடுத்துவிட்டாள். இந்த மனிதனின் காதுக்குள் இருந்த சத்தத்தை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.